பச்சை அட்டை நோட்டின் கடைசிப் பக்கம்

ஆரணி
30-3-1975

அன்பு மகள் சம்பூர்ணத்துக்கு அம்மா எழுதுவது. வீரராகவப் பெருமாள் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் தம்பி சேகரும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் என் வேண்டுதல். உன் மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. மூன்றுக்கும் பதில் எழுதாமல் இருந்தது நான்தான், தபால்காரர் மேல் குற்றமில்லை, நைனா மேலும் குற்றமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன், நீ கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம் உன் தகரப் பெட்டியைத் திறந்தோம். திறந்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான், பக்கத்து வீட்டுச் செங்கம்மாள், சேகர், கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு தூங்காமல் படுத்திருந்த உன் நைனா, ஆக நான்கு பேர். உனக்கு மார்கழியில் டைபாய்டு வந்து இருபத்தோரு நாள் கிடந்தாய் அல்லவா, மாப்பிள்ளை தந்தி கொடுத்த அன்றைக்கே நான் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன், பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தை அமாவாசையன்று திருவள்ளூர்க் குளத்தில் முழுக்குப் போட வருகிறவர்களுக்கு உப்பு, மிளகு, வெல்லம் வைத்து ஆயிரத்தொரு பொட்டலம் என் கையால் கொடுக்கிறேன் என்று. நீ எழுந்து உட்கார்ந்தாய். சாமான் எல்லாம் சேர்த்துவிட்டேன், பொட்டலம் கட்டத் தாளில்லை. அமாவாசைக் கூட்டத்துக்கு என்று கடைக்காரர்களே பழைய பேப்பரை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதுதான் செங்கம்மாள் உன் பெட்டியைக் காட்டி, உம் பொண்ணு சேத்து வெச்ச குப்ப ஒரு பொட்டி கீதே, சாமி காரியத்துக்காவது ஆவட்டுமே என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, அதை மறைக்க மாட்டேன்.

எதையும் எழுதி வைக்காமல் எடுக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். பெட்டியில் இருந்தவை, சினிமாப் பாட்டுப் புத்தகம் நாற்பது, துப்பறியும் நாவல் ஒன்பது, படக்கதைப் புத்தகம் பதினொன்று, டூரிங் கொட்டகை வண்டியிலிருந்து வீசின நோட்டீஸ் பதினேழு, உடைந்த கிராமபோன் தட்டு ஒன்று, சிலோன் ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு எழுதி அனுப்பாமல் விட்ட கார்டு மூன்று, பச்சை அட்டை நோட்டு ஒன்று. நாவல் அட்டைகளைப் பார்த்துச் செங்கம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள், ஒருத்தி கத்தியோடு நிற்கிறாள், ஒருத்தி நனைந்த புடவையோடு ஓடுகிறாள், கெட்ட சாயம், கெட்ட சிவப்பு. அட்டை மடியாது என்று அதையும் படக்கதை அட்டைகளையும் கழற்றித் தனியாக வைத்துவிட்டு உள்தாள்களைக் கிழித்தோம். எண்ணிப் பார்த்தால் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. இன்னும் நாற்பது வேண்டும். உன் நோட்டில் சரியாக நாற்பது தாள் இருந்தது சம்பூர்ணம்.

இந்த இடத்தில்தான் என் பேனா ஆறு வாரமாக நின்றுபோனது. சேகர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யம்மா, இது அக்காவே வரஞ்சி எழுதினது, இத்தையுமா கிழிக்கறது என்று கேட்டான். கட்டிலிலிருந்து உன் நைனாவும் கண்ணைத் திறக்காமலே, அத்த உட்டுடு லட்சுமி, நாப்பது தாளுக்கு நான் பொன்னேரி போய் வரேன் என்றார். கிழிக்க வேண்டாம் என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கிழித்தேன் என்று நீ நினைத்துக்கொண்டால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். தெரியும். நீ கல்யாணமாகிப் போன பிறகு மத்தியான வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நோட்டை நான் மூன்று தரம் படித்திருக்கிறேன். முகமூடி போட்ட உன் கதாநாயகி நீலவேணி மோட்டார் சைக்கிளில் பழவேற்காட்டுக்குப் போவதும், லைட்ஹவுஸ் மேலிருந்து கள்ளக்கடத்தல்காரனின் படகைப் பார்ப்பதும், வலைக்குள் ஒளிந்துகொண்டு அதே படகில் ஏறுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் செங்கம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பஜனைக்குப் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடுகிறவள், துளசி மாடத்தில் தண்ணீர் ஊற்றாமல் காப்பி குடிக்காதவள், இந்த லட்சுமி துப்பாக்கி பிடித்த பொம்மைக்கதையைப் படித்தாள் என்று தெரிந்தால் அவள் என்ன நினைப்பாளோ என்று வெட்கம் வந்துவிட்டது. கிழிடா என்று சேகரிடம் சொன்னேன். அவன் கிழிக்கவில்லை. நோட்டை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். கிழித்தது நான்தான்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை உன் நைனாவிடம்கூடச் சொன்னதில்லை. பெருமாள் பாட்டுப் புத்தகம் பார்த்துத்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியில்லை. நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது கொட்டகையிலிருந்து பாட்டுப் புத்தகம் வாங்கி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் பாடுவாயே, ரேடியோவில் கேட்ட பாட்டு என்பதால் எனக்கு வார்த்தை தெரியும், உன் விரல் எந்த எழுத்தின் மேல் போகிறது என்று பார்த்துப் பார்த்து எழுத்தைப் பிடித்தேன். பெருமாள் பாட்டெல்லாம் அப்புறம்தான். எழுத்துக் கொடுத்த அந்தத் தாளில்தான் நான் உப்பு வைத்து மடித்தேன். நீ பூகோளப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்துப் படித்தபோது கரண்டியால் அடித்தேன், பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கிக் கத இன்னாத்துக்குடி என்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்ட அந்த நாவலை மறுநாள் நானும் படித்தேன். கொலை செய்தது அந்த டாக்டர்தான் என்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கே உன்னிடம் வந்து அதைச் சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷம் எவ்வளவு பேசியிருக்கலாம்.

அமாவாசையன்று விடியும் முன்னே குளத்துப் படியில் நின்று ஆயிரத்தொன்றையும் கொடுத்தேன். சிலர் பிரித்துக் கொட்டினார்கள், சிலர் தாளோடு தண்ணீரில் விட்டார்கள். என் காலடியில் ஒரு இடத்தில் தண்ணீர் சிவப்பாகக் கரைந்து போயிற்று. யாரோ குங்குமம் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீலவேணி முகமூடிக்கு நீ பூசின சிவப்பு அது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

பத்து நாள் கழித்து உன் முதல் கடிதம் வந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்து விழாவுக்கு மெட்ராஸ் வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார், சுவரில் ஒட்டியிருந்த நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு முழுக்கதை ஏதாவது வரைந்து வைத்திருந்தால் மாசிக் கடைசிக்குள் அனுப்புங்கள் என்றார், பச்சை நோட்டை ரிஜிஸ்தர் தபாலில் உடனே அனுப்பும்மா என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளையும் கீழே ஒரு வரி, அத்தை, ஜாக்கிரதையாகக் கட்டி அனுப்புங்கள் என்று. அதை நைனாவுக்குப் படித்துக் காட்டிய சேகர், கும்மிடிப்பூண்டிப் பட்டறைக்கு ஷிப்டு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினான்.

மாசி அமாவாசைக்குக் காலிப் பையோடு மறுபடியும் திருவள்ளூர் போனேன். குளம் கூட்டுகிறவளைக் கேட்டேன், அதெல்லாம் அன்னிக்கே வாரிக் குழில கொட்டியாச்சி, காயிதத்தத் தேடிக்கினு வந்துக்கிறியே, அதுல இன்னா நோட்டா கட்டி வெச்சிருந்த என்று சிரித்தாள். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மீன்காரப் பெண் வந்து எதிரே நின்றாள். நீதானக்கா தை அமாவாசைக்குப் பொட்டலம் குடுத்தவ, உன்ன எங்கெல்லாம் தேடறது என்றாள். பழவேற்காட்டுக் குப்பத்துக்காரி, பெயர் கன்னியம்மா. குப்பத்திலிருந்து ஒரு வேன் பிடித்துப் பதினைந்து பேர் வந்தார்களாம், ஒரு பொட்டலத்துத் தாளில் படகு வரைந்திருந்ததைப் பார்த்து மற்றவர்கள் கையிலிருந்ததையும் பிடுங்கிப் பார்த்து, படம் இருந்த பதினோரு தாளை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, அந்த டுப்பாக்கிப் பொம்பள வலைக்குள்ள பூந்துக்கினாளே, அப்பால இன்னா ஆனா என்பதுதான்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்கே போனேன். பொன்னேரி பஸ், அங்கிருந்து பழவேற்காடு பஸ், அப்புறம் மணலில் நடை. பதினோரு தாளையும் கஞ்சி தடவிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், வரிசை தப்பி முன்னும் பின்னுமாக. உப்புப் பட்ட இடத்தில் நீலம் ஊறியிருக்கிறது, அடுப்புப் புகை ஏறியிருக்கிறது. அவள் புருஷன் குப்பன், அவ படகுலயே செத்துடுவாக்கா, நான் சொல்றேன் பாரு என்றான். சாவ மாட்டா, நீ வாய மூடு, உனுக்கு எத்தப் பாத்தாலும் சாவுதான் என்று இவள் சண்டைக்குப் போனாள். வலையில் நீ போட்டிருந்த கண்ணியைக் கூடக் காட்டி, கரெக்டா போட்டுக்கிறான்யா, எவனோ நம்ம ஆளுதான் வரஞ்சிக்கிறான் என்றான் அந்த ஆள். ஆம்பிளை இல்லை, வரைந்தது என் பெண் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை சம்பூர்ணம். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் தையல் தெரியும், கோலம் தெரியும் என்று மட்டும்தான் சொன்னேன்.

மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் கீழே உட்கார்ந்து முதல் தாளிலிருந்து கதையைச் சொன்னேன். படகில் நடந்தது, கடத்தல்காரனின் பொய்த்தாடி கழன்றது, போலீஸ் வரும்வரை அவள் லைட்ஹவுஸ் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினது, எல்லாம் சொன்னேன். குப்பன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தாளை உரித்துத் தருகிறேன் என்று கன்னியம்மா தண்ணீர் தெளித்து முயன்றாள், மூன்றுதான் கிழியாமல் வந்தன. மற்றதைச் சுவரிலேயே விடச் சொன்னேன்.

வந்ததிலிருந்து தினமும் உட்கார்ந்து நெல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் உன் கதையைத் தாள் தாளாக, எந்தக் கட்டத்தில் என்ன படம், யார் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கும் வரைக்கும் எழுதியிருக்கிறேன். எனக்குப் படம் போட வராது, படகு என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன், சிரிக்காதே. அதையும், அந்த மூன்று தாளையும், நாவல் அட்டை ஒன்பதையும், படக்கதை அட்டை பதினொன்றையும், பச்சை அட்டையையும் தனியாக ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மாசி முடிந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் பத்திரிகைக்காரர் காத்திருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். நீ போட்ட சாயமும் நான்கு வருஷத்து உழைப்பும் இதில் திரும்பி வராது. அதற்கு என்ன வேண்டுதல் செய்தால் தீரும் என்று தெரியவில்லை, இந்த ஒன்றைப் பெருமாளிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

டைபாய்டு வந்த உடம்பு, வெந்நீர்தான் குடிக்க வேண்டும், எண்ணெய்ப் பண்டம் இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். சனிக்கிழமை விளக்கேற்ற மறக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம் சொல். நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு, கையில் பென்சிலோடு இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை. கடைசித் தாளில், எல்லாம் முடிந்து நீலவேணி முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கிறாள், கதவைத் திறந்துகொண்டு அவள் அம்மா நிற்கிறாள், மூக்குத்தி என் மூக்குத்தி போலவே இருந்தது. அம்மா வாயிலிருந்து பேச்சுக்கு வட்டம் போட்டிருந்தாய், வட்டத்துக்குள் ஒன்றும் எழுதவில்லை. அந்த அம்மாக்காரி இன்னாக்கா சொன்னா என்று கன்னியம்மா கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, கேட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சித்திரை அமாவாசைக்கு அவள் குளத்துக்கு வருவாள். அதற்குள் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
லட்சுமியம்மாள்