களைப்பை வாங்கியவன் எழுந்தானா?

என் பிரியமான மச்சான்,

அங்கேயாவது நன்றாகத் தூங்குகிறீர்களா? இங்கே மட்டாஞ்சேரியில் மழை விட்டபாடில்லை. கிடங்கில் இஞ்சி மூட்டைகள் ஈரம் ஏறிக் கனக்கின்றன, என் முதுகு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தைலம் தேய்க்கும்போதெல்லாம் உங்கள் தங்கை, "அண்ணன் இருந்தா பாதி மூட்டையை அவரே தூக்கியிருப்பாரு" என்கிறாள். ஆறுதல் சொல்கிறாளா, குத்திக்காட்டுகிறாளா என்று கேட்கக்கூடத் தெம்பில்லை.

ஜூ டவுன் தெருவில் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் உட்காரும் கல்படி இருக்கிறதே, அந்த இடத்தில் இப்போது காபிக்கடை. நாம் காமிக்ஸ் படித்த கல்லில் உட்கார்ந்து சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் மதுரையிலிருந்து நான் வாங்கி வந்த குண்டு புத்தகங்கள் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொன்றிலும் யாரும் கேள்விப்படாத ஏழெட்டு சூப்பர் ஹீரோக்கள், ஆளுக்கு ஒரே ஒரு கதை. மூச்சை அடக்கும் வரை மட்டும் மழையை நிறுத்தத் தெரிந்த பெண். எந்தப் பூட்டையும் திறந்துவிட்டு, கதவைத் தள்ள வலுவில்லாமல் நிற்கும் கிழவர். "பேரெடுத்தவனுக்கு ஊரே இருக்கு மாப்ள, இவங்களுக்கு நம்மள விட்டா யாரு?" என்பீர்கள்.

இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்த உங்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் வாசிப்பேன், நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள். பாதிக் கதையில் குறட்டை வந்துவிடும். சாயங்காலம் புத்தகம் உங்களோடு வீட்டுக்குப் போகும். மகள் மீனுவை மடியில் வைத்துக்கொண்டு படம் காட்டிக் கதை சொல்வீர்கள் என்று தெரியும். முடிவுக்கு என்ன செய்தீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீனு வந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள், முகம் அப்படியே நீங்கள்தான். கையில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த புத்தகம், தொட்டவர்களின் களைப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் சுமைதூக்கியின் கதை இருப்பது. கடைசிப் படத்தில் ஊரார் களைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு, மூட்டையில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருப்பான்.

"சாயா வந்ததும் இவன் எழுந்திருவான்னு அப்பா சொன்னாரு மாமா. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்ல. நிஜமா எழுந்தானா?"

நீங்களும் அப்படித்தானே மூட்டையில் சாய்ந்தீர்கள். அசந்து தூங்குகிறார், சாயா வரட்டும் என்று நாங்கள் சத்தம் போடாமல் இருந்தோம். சாயா வந்தது. அது அவளுக்கும் தெரியும்.

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பொய் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டுமே, எனக்கு அதற்குச் சக்தி இல்லை. விரல் வைத்து வாசித்தேன். "அதன் பிறகு அவன் எழவே இல்லை."

அவள் பக்கத்தைத் திருப்பி, "மழையை நிறுத்துறவ?" என்றாள். வாசித்தேன், பாதி வழியில் மூச்சு விட்டு நனைந்துபோகிறாள்.

"இல்ல மாமா. அப்பா சொன்னதுல அவ இடக்கொச்சியில மீன் விக்கிறவ. கூடை நனையாம வீடு போய்ச் சேந்துடுவா." அடுத்து கிழவரின் கதை. அச்சில் அவர் கதவு முன்னாலேயே நிற்கிறார். உங்கள் கதையில் உள்ளேயிருந்து ஒரு குழந்தை கதவை இழுத்துத் திறக்கிறதாம்.

"அப்போ எல்லா முடிவும் அப்பா உண்டாக்குனதா மாமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை வருஷமும் கதை சொன்னது நான்தான் என்று நினைத்திருந்தேன். சுமைதூக்கியின் முடிவை அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களா, அதற்குள் தூங்கிவிட்டீர்களா? கேட்டும்தான் மாற்றினீர்களா?

இனி ஞாயிறுதோறும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அச்சில் இருப்பதை நான் வாசிக்க வேண்டும், நீங்கள் சொன்னதை அவள் சொல்வாள். வாரம் முழுக்க மூட்டை தூக்கிய உடம்பு, கண் சொருகத்தான் செய்யும். ஆனாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான், அவள் கதையை முடிக்கும் வரை நான் தூங்க மாட்டேன்.

உங்கள் தங்கையைக் கட்டிய,
உங்கள் மாப்பிள்ளை
மட்டாஞ்சேரி