நீ எனக்குப் போட்ட அரைப் பேர்

மரண அறிவித்தல். நீ எனக்குத் தந்த 2H பென்சில் இன்று காலை பத்தரை மணியளவில், ஓர் அங்குல நீளத்தில், கூராக்கும்போது காலமானது. அன்னார் சிவப்பு அழிறப்பரின் பாசமிகு தோழரும் இரண்டு அடிமட்டங்களின் அன்பு மைத்துனரும் ஆவார். பூதவுடல் அஞ்சலிக்காக என் சட்டைப் பையில் வைக்கப்பட்டுள்ளது. உற்றார், உறவினர், புவியியல்காரர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

றேடியோவில் வருமே, அந்த அழுகைக் குரலில் வாசித்துப் பார் மச்சான்.

பென்சில் சும்மா சாகவில்லை. களப்பலி! இன்று முதலாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பது, எப்படிக் கெம்பஸில் குப்பை கொட்டுவது என்று வகுப்பெடுத்தது யார் தெரியுமா? நான்! பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் செல்வராணி என்று ஒருத்தி, இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பின்னேர பஸ்ஸில் வீட்டுக்கு. திரும்பி வருகிற எண்ணமே இல்லை. ஒரே வகுப்பு. அந்தப் பெட்டி இப்போது அவிழ்ந்து கிடக்கிறது. உன் கூட்டாளி எப்பேர்ப்பட்ட ஆள் பார்த்தாயா?

எப்படிச் செய்தேன் என்று கேள். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவார்களே, அந்த மாதிரிப் பிரட்டுக் கூப்பிட்டேன்.

ஞாபகம் இருக்கிறதா? ஸ்ட்ரைக் வந்து கெம்பஸை மூடினார்களே, அந்த இரண்டு வாரம். திறந்த உடனே டெஸ்ட் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ருவான்வெல்லைக்குக் கீழே உன் றப்பர் தோட்டத்துக்கு எங்களை வரச்சொன்னாய். நான் பக்கத்துத் தோட்டம்; நவ்ஷாத் ருவான்வெல்லை துணிக்கடைக்காரர் மகன். மூன்று பேரும் புவியியல், மூன்று பேரும் முதல் டெஸ்டில் மண்ணைக் கவ்வியவர்கள். "புவியியல்காரன் மண்ணைக் கவ்வாம வேற எதடா கவ்வுவான்?" என்றேன். நவ்ஷாத் விழுந்து விழுந்து சிரித்தான். நீ சிரிக்கவில்லை.

காலையில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பிய பிறகு பிரட்டுக் களத்துத் தகரக் கொட்டகை காலியாகிவிடும். அதுதான் நம் வகுப்பறை. முதல் நாளே கணக்கப்பிள்ளை மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சட்டம் போட்டாய்.

"பேரு கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லாதீங்க. இருக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியுதே. விளங்காத ஒண்ணச் சொல்லணும். சொன்னா முழுப் பேரு, இல்லாட்டி அரைப் பேரு."

நாள் முழுக்க வேலை செய்தும் றப்பர் பால் குறைந்தால் பாதி நாள் என்று பதிவார்களே, அந்த அரைப் பேர். எங்கள் வீடுகளில் அதைவிட மானக்கேடான வார்த்தை கிடையாது.

"எனக்கு ரெண்டு பருவக்காத்தும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவுது மச்சான்" என்றான் நவ்ஷாத்.

"முழுப் பேரு!"

"எனக்கு விளங்காதது, நவ்ஷாத் மூஞ்சி ஏன் தென்மேல் பருவக்காத்து மாதிரி எப்பவும் ஈரமா இருக்கு?" என்றேன் நான்.

"ஒனக்கு அரைப் பேரு."

நோட்டை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது உன் அடுத்த சட்டம். "நம்ம பாஷையில சொல்ல வரலன்னா நீ படிக்கல, பாத்து எழுதியிருக்கே, அவ்வளவுதான்." அன்று பிள்ளைக் காம்பராவுக்கே ஓடிப் போய், தொட்டிலாட்டிக்கொண்டிருந்த ஆயாவுக்கு மலை மழையை மறிக்கிற கதையைச் சொன்னாய். "அதானா எங்கக்கா தோட்டம் மட்டும் காஞ்சு கெடக்கு?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், சறுக்கி விழுந்து, சேறும் சகதியுமாக ஓடி வந்தாய். "விளங்கிருச்சுடா! அவங்களுக்கு விளங்கிருச்சு!" பாஸானவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான்.

ஐந்தாம் நாள் நான் என் பங்குக்கு ஒரு வேலை காட்டினேன். வரைபடம் போடத் திசைகாட்டியை வைத்தாய். மேசை விரிப்புக்குக் கீழே ஒரு பால் வெட்டும் கத்தியை ஒளித்து வைத்திருந்தேன். வடக்கு ஊசி நேராகக் கக்கூசைக் காட்டியது. நவ்ஷாத் பக்தியோடு கக்கூசை உச்சியில் வைத்துத் தோட்டம் முழுவதையும் வரைந்து முடித்தான். கெம்பஸுக்கு வந்தவனுக்குக் கொம்பாஸ் பார்க்கத் தெரியவில்லையே என்று நான் உருண்டேன்.

நீ விரிப்பைத் தூக்கிக் கத்தியை எடுத்தாய். கோபமில்லை. "பக்கத்துல இரும்பு இருந்தா ஊசி பொய் சொல்லும். ஒன் சிரிப்பும் அதான்டா. விளங்காத எடமாப் பாத்துக் கொண்டாந்து வைக்கிறே. நாங்களும் ஏமாந்துடுறோம், நீயும் ஏமாந்துடுறே."

"நான் கெம்பஸ விட்டுட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போறேன்" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

"எது விளங்கல? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"எல்லாம் விளங்குது. அதான் போரடிக்குது."

நீ ஒரு புது 2H பென்சிலை எடுத்து என் காதில் செருகினாய். "இது தீர்ற வரைக்கும் இரு. தீந்தப்புறம் போறதுன்னா போ. இன்னைக்கும் ஒனக்கு அரைப் பேருதான்."

டெஸ்டில் மூவரும் பாஸ். அடுத்த லீவில் உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நானும் நவ்ஷாதும் தோடம்பழத்தோடு கரவனெல்லை ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நாங்கள் வந்தபோது நீ உயிரோடு இல்லை. பழப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் நவ்ஷாத் பஸ் ஸ்டாண்ட் வரை அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தான். அன்று நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

சரி, இன்றைய வீரகாவியத்துக்கு வருகிறேன். சட்டத்தைச் சொல்லிப் பேர் கூப்பிட்டேன். முன் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "பேரளவுப் படம், சிற்றளவுப் படம் விளங்கல அண்ணே. ஒண்ணுக்குப் பத்தாயிரம், ஒண்ணுக்கு அம்பதாயிரம்னா அம்பதாயிரம்தானே பெரிய நம்பரு? பிறகு ஏன் பத்தாயிரத்தப் பேரளவுங்கிறாங்க?" என்றான்.

மச்சான், எனக்கு வேர்த்துவிட்டது. நேரம் கடத்தப் பென்சிலைக் கூராக்கினேன், கூராக்கினேன், கூராக்கிக்கொண்டே இருந்தேன். அப்படித்தான் அது செத்தது. நாக்கு நுனியில் நல்ல ஜோக் ஒன்று வந்து நின்றது. உன் கையிலிருந்த அந்தக் கத்தி நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"எனக்கும் விளங்கல தம்பி. மனப்பாடம் பண்ணி எழுதித்தான் பாஸானேன்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. செல்வராணி. "அண்ணே, ஒரு றாத்தல் பாண பத்தா வெட்டுனா துண்டு பெரிசா, அம்பதா வெட்டுனா பெரிசா?" எழுந்து வந்து கரும்பலகையில் பாண் ரொட்டியையே வரைந்துவிட்டாள். எனக்குத் தலைக்குள் பல்ப் எரிந்தது: ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கைவிடப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் பெரிய துண்டு! "விளங்கிருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு விரிவுரையாளர் எட்டிப் பார்த்தார்.

ஆக, பெட்டியை அவிழ்க்க வைத்தது என் திறமை இல்லை. அவளே போகும்போது சொன்னாள்: "ரெண்டாம் வருஷத்து அண்ணனுக்கே விளங்காதது எனக்கு விளங்குது. அப்ப நான் எதுக்குப் போகணும்?"

பென்சில் தீர்ந்துவிட்டது. நீ சொன்னபடி இனி நான் போகலாம். போகவில்லை. நாளைக்கும் பிரட்டு இருக்கிறது, செல்வராணிதான் பேர் கூப்பிடப் போகிறாள். அன்று நீ கேட்டாயே, எது விளங்கவில்லை என்று? அளவுதான் மச்சான். பேரளவும் சிற்றளவும். சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போதாவது முழுப் பேர் போடு.