ஆஸ்பத்திரி மேடும் அப்பாவின் மீசையும்

செல்லக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய மீசை மட்டும் போய்விட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. வேலைக்குப் போகிற வழியில் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், அங்கே வாங்கின சைக்கிளை விற்றுவிடட்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே நம் தெரு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடமோ மேட்டின் உச்சியில். நடந்து போய்த் தாமதமானதில், இன்னொரு தடவை என்றால் காலை வேலை வேறு ஆளுக்கு என்று மேற்பார்வையாளர் அம்மா சொல்லிவிட்டாள். நீ விட்டுப்போன கியர் சைக்கிளைத் தூசி தட்டினேன். முதல் நாள் அப்பாவும் கூடவே நடந்து வந்து, "ரெண்டாவதுல போடு, கிளட்ச்சை விடு" என்று தெருவே கேட்கக் கத்தினார். சைக்கிளுக்கு ஏது கிளட்ச்? ஓய்வு பெற்ற பஸ் டிரைவரிடம் அதை யார் சொல்வது. பதற்றத்தில் பாதி ஏற்றத்தில் கியரை மாற்றினேன், செயின் கழன்றது, மருந்துக்கடை வாசல் பூந்தொட்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நானாகவே பழகினேன். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடு, உச்சியை அண்ணாந்து பார்க்காதே, துணி அலசுகிற மாதிரி ஒரே சீராக மிதி. ஒரு நாள் நிற்காமல் மேலே போய்விட்டேன். அதை வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பஸ் நிறைய ஆளை ஏத்திக்கிட்டு அந்த மேட்டுல போனவன்டி நான்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேராக ஏற முடியாமல் வளைந்து வளைந்து ஏறியவர், ஒரு வளைவில் திரும்ப முடியாமல் சலூனுக்குள்ளேயே புகுந்துவிட்டார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அவருடைய பழைய கண்டக்டர். அவர் முன்னால் அப்பா விட்டுக்கொடுப்பாரா? "ஷேவிங்குக்குத்தான் வந்தேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சலூன்காரர், "அண்ணே, மூச்சைக் கொஞ்சம் அடக்குங்க, கத்தி ஆடுது" என்று கெஞ்சியிருக்கிறார். இவரால் முடியவில்லை, பாதி மீசை போயிற்று. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அதனால்தான் வீடியோவில் நெற்றியை மட்டும் காட்டுகிறார், நீ கேட்டு வைக்காதே.

நேற்று எனக்கு விடுமுறை. அப்பா கண்டக்டரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு என்னோடு கிளம்பினார். மருந்துக்கடை தாண்டியதும் இறங்கிவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது. "நீ போ, நான் மெதுவா வர்றேன்" என்றார். எனக்குத் தெம்பு இருந்தது. இருந்தாலும் "எனக்கும் முடியலைங்க" என்று இறங்கிவிட்டேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டே தள்ளினோம். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். பாதி வழியில் அப்பா நின்று, "இந்த ரோட்டுல இத்தனை மரம் இருக்கா? நான் பார்த்ததே இல்லையே" என்றார். அந்த மேட்டில் எத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர்!

அதனால் சைக்கிளை விற்காதே. முடிகிற வரை மிதி, முடியாவிட்டால் தள்ளு. நீண்ட ஆயுசோடும் நிறைந்த மூச்சோடும் இரு கண்ணு. செயினுக்கு எண்ணெய் போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
வேண்டுமென்றே இறங்கியதை அப்பாவிடம் சொல்லாத
உன் அம்மா