பிழைத்து வந்தவன் வீட்டில் ஒரு மண்டலம்

என் அன்பு மாப்ளே தனபாலு,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கலா எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. "மாமா, ஓட்டமா சொல்லாதீங்க, கை வலிக்குது" என்கிறாள். நான் எங்கே ஓடுவது? முட்டி ரெண்டும் போய்விட்டது. உன் அக்காள் போன பிறகு யாரிடமும் நிறையப் பேசத் தோன்றுவதும் இல்லை. ஆனால் இந்தச் சேதியை உனக்குச் சொல்லியாக வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களும் படிக்கட்டும் என்றேன். உன் பெண்சாதி ராசாத்தியும் சரி என்றாள்.

இந்த வருஷம் காரைக்கால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா நம் ஊருக்கு வர ஆரம்பித்தார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர். உன்னைப் போலத் தானாக உயிரை விட்டுப் போய்விடுகிறவர்களை எப்படித் தடுப்பது என்று ஊரே உட்கார்ந்து ஒரு திட்டம் போட வேண்டுமாம். "நான் எழுதிக் குடுத்தா அது காகிதம். நீங்க சொன்னாத்தான் திட்டம்" என்றார். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் கூட்டம்.

முதல் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நம் ஊர்த் தலைவர் இப்போது குமார், உன்னோடு படகில் வந்த ராமலிங்கத்தின் மகன். அவன் எழுந்து, "எங்க ஊர்ல அதெல்லாம் கெடையாதும்மா. பக்கத்து ஊரு கிளிஞ்சல்மேட்டுல வேணா கேட்டுப் பாருங்க" என்றான். கிளிஞ்சல்மேட்டில் நம் ஊரைக் கைகாட்டியிருக்கிறார்கள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எழுத்து தெரியாதவனுக்கு எல்லாம் தலைக்குள்தான் கிடக்கிறது, அழித்துவிட முடிவதில்லை.

உன்னுடையது எப்படி மறக்கும்? சுனாமியில் உன் மூத்த மகளைக் கொடுத்தாய். அதற்கப்புறம் நீ தூங்கியதே இல்லை என்று ராசாத்தி சொல்வாள். ஆனாலும் நாலு வருஷம் தொழிலுக்கு வந்தாய், வலை இழுத்தாய், கல்யாண வீட்டில் சிரித்தாய். பிறகு ஒரு நாள் போகப் பார்த்தாய். ஆஸ்பத்திரியில் காப்பாற்றி அனுப்பினார்கள். மாசாமாசம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? ஊரைக் கூட்டினோம். வலைத் தகராறு, வாய்த் தகராறு எல்லாவற்றுக்கும் எப்படிக் கூட்டுவோமோ அப்படியே. அம்மன் கோவில் வாசலில் உன்னை நிறுத்தி, ஊர் காலில் விழச் சொல்லி, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினோம். நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தாய். ஆஸ்பத்திரி ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரிகூட இன்னும் எடுக்கவில்லை. கற்பூரத் தட்டைப் பிடித்தவன் நான். அப்போது நானும் பஞ்சாயத்தில் ஒருவன்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை மாப்ளே. அம்மன் பேரில் சத்தியம் பண்ணிவிட்டான், இனி பயமில்லை என்று நிஜமாகவே நம்பினோம். நம்பிய கையோடு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. காவல் இருக்க வேண்டிய நேரத்தில் கற்பூரத்தைக் காவலுக்கு வைத்துவிட்டோம்.

உனக்கோ, மறுபடி அந்த நினைப்பு வந்தால் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் சத்தியத்தை மீறியவன் ஆகிவிடுவாயே. மூணு மாசம் அதை எப்படிச் சுமந்தாய்? ஒரு நாள் வலைக்கொட்டகையில், "மாமா, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்றாய். வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஊரில் ஒரு சாவு என்றால் ஒரு படகும் கடலுக்குப் போகாது. நீ போன அன்று எல்லாப் படகும் போயிற்று. தானாகப் போனவனுக்கு ஊர் தொழிலை நிறுத்தாது என்பது வழக்கமாம். உன்னைத் தூக்க ஆள் பற்றவில்லை. பட்டினத்திலிருந்து உன் சிநேகிதர் காசிம் பாய் வந்து தோள் கொடுத்தார்.

மூணாவது கூட்டத்துக்கு வருகிறேன். அதற்குள் பெண்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசியிருந்தார்கள். அதனால் கொஞ்சம் பேச்சு வந்தது. அப்போது குமார் எழுந்து, "நமக்குன்னு ஒரு வழி இருக்கு. யாராச்சும் அப்படிப் பண்ணி பொழச்சு வந்தா கோயில்ல வெச்சு சத்தியம் வாங்கிடுவோம். அதையே திட்டத்துல எழுதிக்குங்கம்மா" என்றான். நாலைந்து தலை ஆடியது. டாக்டரம்மாவின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

அது எழுத்தில் ஏறினால் இன்னொருத்தனையும் அந்த வாசலில் நிறுத்துவார்கள். ராசாத்தி பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தாள்.

"சொல்லுங்கண்ணே. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

எழுந்து சொன்னேன். உன்னை நிறுத்தியது, சத்தியம் வாங்கியது, அதற்கப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காதது, எல்லாம். பின்னாலிருந்து ஒருத்தன், "அன்னிக்கு தட்டு புடிச்சது யாரு பெரியப்பா? நீங்கதானே?" என்று கேட்டான்.

"ஆமாடா. நான்தான் புடிச்சேன். அதனாலதான் சொல்றேன், எழுதாதீங்கன்னு."

"அப்ப என்ன செய்யலாம் ஐயா?" என்றார் டாக்டரம்மா.

தெரியாதும்மா என்று உட்கார்ந்துவிட்டேன். ராசாத்திதான் பேசினாள். "அவரு செத்ததுக்கு வராதவங்ககூட துக்கம் கேக்கன்னு பதினாறு நாளும் வந்து வந்து ஒக்காந்தாங்க. அவரு பொழச்சு வந்தப்ப ஒரு நாள் யாராவது வந்தீங்களா? வந்து சும்மா ஒக்காந்திருந்தாப் போதுமே."

அப்புறம் அந்தப் பேச்சுதான் திட்டமாயிற்று. பிழைத்து வந்தவன் வீட்டுக்கு ஊரிலிருந்து தினம் ரெண்டு பேர் போக வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரி நாள் வந்தால் கூடப் போக வேண்டும். பேர் ஊருக்கு வெளியே போகக் கூடாது. மறுபடி அந்த நினைப்பு வருகிறதா என்று மட்டும் நேராகக் கேட்கலாமாம். கேட்பதால் கெடுதல் வராது என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னார். எத்தனை நாள் என்பதில் ஒரு சண்டை. பதினாறு என்றதும் ஒரு கிழவி, "உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதிக் கணக்கா? தூ!" என்று திட்டினாள். ஒரு மண்டலம் என்று முடிவாயிற்று. நாற்பத்தெட்டு நாள். சபரிமலைக்கு இருப்பதுபோல் இருக்கிறதே என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கடல் நிறுத்துகிற விஷயம் நடக்கவில்லை. உன்னைப் போலப் போனவர்களுக்கும் படகை நிறுத்துங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் பெரியப்பா என்றான் குமார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும்.

இப்போது ஒருத்தன் பிழைத்து வந்திருக்கிறான். பேரைச் சொல்ல மாட்டேன். விசைப்படகு ஓட்டுகிறவன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். குமாரே ஆள் அமர்த்தினான். முதல் வாரம் வாசலில் செருப்பு நிறைந்து கிடந்தது. அப்புறம் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். ஒருத்தனுக்குத் தொழில், ஒருத்தனுக்குக் கல்யாணம். நானும் ராசாத்தியும்தான் மிச்சம். சாயங்காலம் நாலு மணிக்குப் போகிறோம். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். அவன் பெண்சாதி டீ கொடுப்பாள். ராசாத்தி கீரை ஆய்ந்து கொடுப்பாள். எனக்கு முதுகு கடுக்கும். சில நாள் படி ஏறும்போதே அலுப்பாக வரும், இதனால் ஒரு உயிர் நிற்குமா என்று. உனக்குச் செய்யாததை ஊரான் வீட்டில் செய்து என்ன?

நேற்று இருபத்தேழாம் நாள். கிளம்ப எழுந்தேன். முதல் முறையாக அவனே வாயைத் திறந்தான், திரும்பிப் பார்க்காமல்.

"பெருசு, ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்லப்பா" என்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மகரிப் பாங்கு கேட்கிற வரைக்கும் இருந்தோம். அவன் எழுந்து டீ கேட்டான்.

இன்றைக்கும் போக வேண்டும். மண்டலம் முடிந்த பிறகும் அவன் வராதே என்று விரட்டுகிற வரைக்கும் போவேன், விரட்டினால் வாசலில் உட்காருவேன். இது சத்தியம் இல்லை மாப்ளே. சத்தியத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போகிறேன், அவ்வளவுதான். ராசாத்தி வாசலில் வந்து நிற்கிறாள், கலாவும் எழுதியது போதும் என்கிறாள்.

உன் அக்காளைக் கட்டிய மாமன்,
கோவிந்தசாமி