விழுந்த தென்னை யாருடையது?

ஆடி, ஞாயிறு இரவு.

எழுதுபவன்: வழக்கறிஞர் கதிர்வேல், கோவைவாசி. சுயநினைவுடன், எவருடைய தூண்டுதலுமின்றி எழுதுகிறேன்.

கருமத்தம்பட்டித் தோப்பை மாமியார் தம் மகன் செந்திலுக்கு எழுதிவைத்த பத்திரம் நான் வரைந்தது. நிலமும் மரமும் மகனுக்கு. ஆயுள்வரை வருமானம் தாய்க்கு. போன வாரம் ஆடிக்காற்றில் ஒரு தென்னை சாய்ந்தது. காய் வருமானம், நிற்கும் மரம் சொத்து. விழுந்த மரத்தைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. இருவரும் உரிமை கோரினார்கள். பேச்சு முற்றி, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. தீர்த்துவைக்கச் சொல்லி மனைவி சுமதி இன்று என்னை அழைத்துச் சென்றாள்.

நான் வாய் திறக்குமுன் மர வியாபாரி வந்து தண்டைத் தட்டிப் பார்த்தார். "உள்ள பூரா வண்டு தின்னுபோட்டுதுங்க. இதை எடுத்துட்டுப் போக நீங்கதானுங்க எனக்குக் கூலி கொடுக்கோணும்."

"உன்ற சொத்துதான கண்ணு, நீயே எடுத்துக்கோ" என்றார் மாமியார், உடனே.

"விழுந்துபோட்டா அது வருமானமுங்கம்மா. உங்களுதுதான்" என்றான் செந்தில்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இரு தரப்புக்கும் வாதம் உண்டு" என்றேன்.

"ஏனுங் மாப்பிள்ளை, இதைய எழுதாம உட்டது நீங்கதானுங்களே?"

"அப்படிக் கேளுங்கம்மா!" என்றான் செந்தில்.

கூலியை நான் கொடுத்தேன். மதியம் ஒரே அடுப்பில் சமையல். தாயும் மகனும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். எனக்கு ரசம் ஊற்ற மறந்துவிட்டார்கள்.

(ஒப்பம்) கதிர்வேல்

சாட்சிகள்:
சுமதி (சிரிப்பு அடங்காததால் கையொப்பம் பெற இயலவில்லை)
மர வியாபாரி பழனிசாமி (கூலி பெற்றவர்)