ஒத்தக்கொம்பனும் முடியாத படிப்பும்

2024 ஜனவரி 23, செவ்வாய்

செக்கானூரணிக்குப் பக்கம், தங்கப்பாண்டி மாமாவின் ஆட்டுக்கிடையில் இன்று அறுபத்து நான்கு ஆடுகளுக்கு ரத்தம் எடுத்தேன். நாற்பத்தோராவது ஆடு, ஒற்றைக் கொம்புக் கிடா, முழங்காலில் ஒரு முட்டு முட்டியது. வீங்கிவிட்டது. மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒத்தக்கொம்பன் ஆரையும் கிட்ட அண்டவிட மாட்டான் தாயி" என்றார். மாட்டு டாக்டர் வேலையை விட்டுவிட்டு முப்பத்தொரு வயதில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவளுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

பிப்ரவரி 12, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது!

ஸ்க்ரேப்பி என்ற நோய் வந்த ஆடு சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து, ரோமம் உதிர்ந்து, தள்ளாடிச் செத்துப்போகும். மருந்தே கிடையாது. மூளையில் ஒரு புரதம் கோணலாக மடங்கி, பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கிக்கொண்டே போகும். ஆனால் சில ஆடுகளின் மரபணு அதற்கு அவ்வளவு லேசில் இடம்கொடுக்காது. தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் அந்த மரபணு வாங்கிய ஆடு அறுபத்து நான்கில் ஒன்றே ஒன்று. நாற்பத்தொன்று. அவனுக்குப் பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் அது போய்ச் சேரும். முட்டியதை மன்னித்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஒத்தக்கொம்பனா? அது சாமி கிடாடி. உன் படிப்பு முடியணும்னு நான் நேந்துவிட்டது. குலசாமி கோயில் மாசிக் கும்பிடுல வெட்டப் போறோம்ல."

வேறு கிடா கொடுப்போம் என்றேன். பேர் சொல்லி மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கிடாவை மாற்றக்கூடாதாம்.

தப்பு என்னுடையது. டிசம்பரில் ஆராய்ச்சிக்கு நடுவே வைக்கும் தகுதித் தேர்வில் தேறினேன். மொத்தப் படிப்பும் முடிந்ததென்று நினைத்து அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை. "இன்னுமா படிக்கிறா?" என்று கேட்டே உயிரை எடுத்த சொந்தக்காரர்களின் வாய் அடைபட்டதே, அந்தச் சுகத்தில் சும்மா இருந்துவிட்டேன். சீ!

பிப்ரவரி 20, செவ்வாய்

என் வழிகாட்டி கனகலட்சுமி மேடம்: "இந்தப் பக்கம் யாருமே பாக்காத நோய், பாண்டிமீனா. கிடா போனா போகட்டும், வேற தலைப்புக்கு மாறிக்கோங்க."

மாற மாட்டேன். அந்த நோய் வெளியே தெரியவே இரண்டு, மூன்று வருடம் ஆகும். தெரிந்த பிறகா கிடா தேடி அலைவது? வரவில்லை என்பதால்தான் இப்போதே செய்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மார்ச் 8, வெள்ளி

நாளைக்கு வெட்டு. அம்மாவிடம் உண்மையைச் சொல்ல இன்றும் வாய் வரவில்லை. கோழைச் சிறுக்கி.

மார்ச் 9, சனி

கோயிலில் வெட்டுக்கு முன்னால் கிடாவின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறிவிட்டால் சாமிக்குச் சம்மதம். பிறகு யாராலும் தடுக்க முடியாது. பூசாரி செம்பைத் தூக்கிவிட்டார்.

"நிறுத்துங்க!"

நான்தான் கத்தினேன். என் குரலா அது?

"என் படிப்பு முடியல. இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கட்டும்னு நான்தான் சும்மா இருந்தேன். முடியாத படிப்புக்குக் கிடா வெட்டுனா சாமியவும்ல பொய்யாக்குறோம்?"

நூற்றிருபது பேர். சித்தப்பா ஒருத்தர் சிரித்தார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பூசாரிதான் செம்பைக் கீழே வைத்தார். "வேண்டுனது நடக்காம வெட்டுனா, நாளைக்குச் சாமி என்னையத்தான் கேக்கும். அவுத்து விடுங்கப்பா."

கறிச்சோற்றுக்கு வந்த அத்தனை பேருக்கும் சாம்பார். பந்தியில் என்னைத் திட்டாத ஆள் இல்லை. திட்டட்டுமே! ஒத்தக்கொம்பன் வேப்பமரத்தடியில் அசை போட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 10, ஞாயிறு

மாமாவிடம் சண்டை போட்டுப் பதினாறு பெட்டை ஆடுகளைத் தனியாக அடைத்து, அவனை உள்ளே விட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அம்மா இன்னும் பேசவில்லை. நானும் அழவில்லை. பொய் — பஸ்ஸில் அழுதேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினேழு குட்டிகள், ஒருத்தி இரட்டை போட்டிருக்கிறாள். கேள்விப்பட்டு அம்மா வந்தாள். மூன்று நாளாகக் கிடையே கதி. நோஞ்சான் குட்டியை மடியில் போட்டுப் பால் புகட்டுகிறாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு: "அந்தப் புட்டியக் கழுவிக் கொண்டாடி."

கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 9, புதன்

பதினேழு குட்டியிலும் அந்த மரபணு இருக்கிறது. பதினேழிலும்! மேடம் தாளை இரண்டு தடவை புரட்டினார். "தலைப்ப மாத்தச் சொல்லி நான் ஒண்ணும் வற்புறுத்தலையே" என்றார். சொன்னீர்கள் மேடம், தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

2026 ஜனவரி 28, புதன்

நேற்று வாய்மொழித் தேர்வு. முனைவர் பாண்டிமீனா ஆகிவிட்டேன். ஆனால் காளவாசலில் ஊர் பஸ் ஏறும்போதே விரல்விட்டு நாளை எண்ணினேன். மாசி வருகிறது. இந்தத் தடவை கோயிலில் நின்று கத்த என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

அம்மா வீட்டு வாசலில் கட்டியிருந்த ஒத்தக்கொம்பனுக்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சாடி?"

"முடிஞ்சிருச்சும்மா. இந்தவாட்டி நெசமாவே."

கீரையை ஒவ்வொரு கொத்தாக ஒடித்து நீட்டினாள். அப்புறம் கேட்டாள்: "இதுக்கு மேல படிப்பு ஒண்ணும் கெடையாதாடி?"

"இருக்கும்மா. ரெண்டு வருசம்."

அந்நேரம் பார்த்து மாமாவின் போன். அம்மாதான் எடுத்தாள். கும்பிடுக்குக் கிடாவை ஓட்டிப்போக எப்போது வரட்டும் என்று கேட்கிறார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இல்ல தம்பி. எம்மக இன்னும் படிச்சு முடிக்கல."