கஞ்சியில் உடைத்த மாத்திரை

மார்ச் 4, திங்கள்

நான் வேலை பார்க்கும் வேர்க்கடலை மில்லில், மல்லாட்டை மூட்டை போடும் தராசில் இன்றைக்கு என் வீட்டுக்காரர் பீமாராவை ஏற்றி உட்கார வைத்தேன். நாற்பத்தொரு கிலோ.

"இன்னா மாமா, கோணிய கழிச்சா ஒண்ணும் தேறமாட்ட போலக்குதே" என்றேன். தூற்றிக்கொண்டிருந்த பொம்பளைங்க எல்லாம் சிரித்தார்கள்.

"உன் வாய ஏத்திப் பாருடி, தராசு ஒடஞ்சிடும்" என்றார் பீமாராவ்.

குடித்துக் குடித்துக் கணையம் கெட்டுப்போச்சு. ஒரு வருஷமாகத் தொடுவதில்லை. நாற்பத்தைந்து கிலோ ஆனால்தான் ஆபரேஷன் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஜெயஸ்ரீ டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்குக் கீழே கத்தி வைத்தால் தாங்கமாட்டாராம்.

மார்ச் 6, புதன்

அண்ணன் மகன் ரஞ்சித் திண்டிவனத்திலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தான். ஜிம்மில் பையன்கள் குடிக்கிற அமினோ பவுடர். "மாமாவுக்குக் குடு அத்தை, சதை ஏறும்" என்றான்.

செரிக்கிறதுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கேப்சூலை விழுங்கச் சொன்னால் இவர் குமட்டுகிறார். ஆட்டோ ஓட்டிக்கொண்டு அவலூர்பேட்டை சவாரி போனால் மறந்தும் போகிறார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையிலேயே கேப்சூலை உடைத்தேன். உள்ளே கடுகு மாதிரி உருண்டைகள். அதையும் பவுடரையும் அரிசிக் கஞ்சியில் கலக்கி பிளாஸ்கில் ஊற்றிவிட்டேன். நாள் முழுக்க மல்லாட்டை உடைக்கிற கை, மாத்திரை உடைக்கத் தெரியாதா?

மார்ச் 9, சனி

"ஏண்டி, கஞ்சி கேட்டா தண்ணி ஊத்திக் குடுக்கற? கசக்குது வேற."

கெட்டியாகத்தானே காய்ச்சினேன். மதியம் பிளாஸ்கைத் திறந்தால் தண்ணியாக ஓடுகிறதாம். ரேஷன் அரிசி சரியில்லை. வேறே என்ன?

மார்ச் 14, வியாழன்

வாயெல்லாம் புண். நாக்கு ஓரத்தில் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. "இனிமே என்னத் திட்டமுடியாது, எனக்கு நல்ல காலம்" என்றேன். வழக்கமாக ஏதாவது திருப்பிச் சொல்வார். கையை மட்டும் ஆட்டினார்.

உடம்புச் சூடுதான். மோர் கொடுத்தேன். எரிகிறது என்று துப்பினார்.

மார்ச் 18, திங்கள்

சோறு இறங்கவில்லை. கஞ்சியும் பாதிதான். சரி, பவுடராவது உள்ளே போகட்டும் என்று ரெண்டு கரண்டி சேர்த்துப் போட்டேன்.

தராசு - முப்பத்தெட்டு. பொம்பளைங்க இன்றைக்குச் சிரிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 22, வெள்ளி

புதுச்சேரி. டாக்டரம்மா வாயில் லைட் அடித்துப் பார்த்தார். "மாத்திரை எப்படிக் குடுக்கறீங்க?"

பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லும்போதே அவர் முகம் மாறிப்போச்சு.

அவர் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார். அந்த உருண்டைக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறதாம். வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போய்த்தான் கரையணுமாம். நான் வெதுவெதுப்பான கஞ்சியில் ஊறப்போட்டதால் பிளாஸ்கிலேயே கரைந்து, கஞ்சியை அங்கேயே செரித்துவிட்டதாம். அதனால்தான் தண்ணி. மிச்சம் வாயில் பட்டுத் தோலை அரித்திருக்கிறதாம். சாப்பிடும்போது முதல் வாய் சோற்றோடு முழுசாக விழுங்கணும். உடைக்கக்கூடாது, மெல்லக்கூடாது. விழுங்கவே முடியாதவர்களுக்கு வேறே முறை உண்டு, அதை ஆஸ்பத்திரியில் கேட்டுத்தான் செய்யணுமாம்.

"அப்போ பவுடர்தான் விஷமா டாக்டரம்மா?"

"ரெண்டையும் ஒரே சாப்பாட்டுல எடுக்கலாம்மா. ஒண்ணா கலந்து ஊறவைக்கத்தான் கூடாது. ஆனா பவுடர் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கிட்னி, ஈரல் சரியில்லாதவங்களுக்கு அதுவே ஆபத்தாயிடும்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி, ஈரல் ரெண்டும் பரவாயில்லை. பவுடர் ஒரு கரண்டிக்கு மேலே வேண்டாம் என்றார்.

பஸ் ஏறினோம். திண்டிவனம் தாண்டினதும் அவர்தான், புண்ணு வாயால், "மல்லாட்ட உடைக்கறவளுக்கு எத்தப் பாத்தாலும் உடைக்கத் தோணும்" என்றார். சிரிக்கச் சொல்லி முழங்கையால் இடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வாழைப்பழத் துண்டோடு கேப்சூலை விழுங்கப் பழகிவிட்டார். வாய் ஆறுகிறது. "தொறயா வாய" என்று சோற்றை நீட்டினால், "மெல்ல குடுடி, நான் இன்னா ரயில் வண்டி எஞ்சினா?" என்கிறார். பேச்சு வந்துடுச்சு. அது போதும்.

ஏப்ரல் 12, வெள்ளி

நாற்பத்திரண்டு! மில்லில் எல்லோருக்கும் டீ.

ஏப்ரல் 17, புதன்

காய்ச்சல். வயிறு கல் மாதிரி இருக்குது. 108-க்குச் சொன்னோம்.

ஏப்ரல் 19, வெள்ளி

புதுச்சேரி ஆஸ்பத்திரி. கணையத்தில் சீழ் பிடித்திருக்கிறதாம். இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாதாம். இன்னும் மூணு கிலோ இருந்திருந்தால்...

வீணாப்போன அந்த நாளெல்லாம் கெடைச்சிருந்தா ஏறியிருக்குமா? டாக்டரம்மா எதிரிலேயே நின்றார். கேக்கலை. கேட்டா பதில் சொல்லிடுவாங்களே.

ஏப்ரல் 23, செவ்வாய்

"உன்னாலன்னு நெனச்சிக்காதடி. நான் குடிச்சதுக்குத்தான் இது."

"உனக்கு எப்பவும் உன் பெருமைதான்யா" என்றேன். லேசாகச் சிரித்தார்.

ஏப்ரல் 25, வியாழன்

விடியற்காலம்.

மே 10, வெள்ளி

பதினாறாம் நாள் காரியம். படையலில் கறி, முட்டை, சுருட்டு எல்லாம் இருந்தது. கொழுந்தன் தனசேகரன் ஒரு குவார்ட்டர் பாட்டிலைப் படத்துக்கு முன்னால் வைத்தார். "அண்ணனுக்குப் புடிச்சது அண்ணி, ஒரு நாளைக்கு இருக்கட்டும்."

எடுத்துப்போய்க் கால்வாயில் கொட்டினேன். மகள் மோனிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டில் இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தேன். பக்கத்தில் கேப்சூல் ஒன்று. உடைக்கலை.

"முதல் வாயிலேயே முழுங்கிடணும் மாமா. குமட்டுதுன்னு கதை சொல்லாத."

எல்லோரும் போன பிறகு சாயங்காலம் பார்த்தேன். கஞ்சி கெட்டியாவே இருக்குது.